கோள்மண்டலத்துக்கு வெளியே பூரணி

இதை எழுதுபவன் பூரணியை முதன்முதலாகப் பார்த்தபோது அவள் ஒரு லொறிக்காரனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். பொகவந்தலாவை பஸாரிலிருந்து மேலே ஏறும் ஒரு தோட்டத்துப் பாடசாலையின் வாசல் அது. மழை விட்டிருந்தது, வெயில் இன்னும் வரவில்லை. லொறியிலிருந்து இறக்கும்போது கைநழுவிய பெரிய பையொன்று சேற்றில் கிடந்தது.

"மெதுவா எறக்குன்னு சொன்னேனா இல்லியா? இது என்ன ஒங்க அப்பன் வீட்டு உர மூட்டையா?"

"அனே அக்கே, வழுக்கிருச்சி நே! சட்டைய விடுங்க!"

"வழுக்கும். கிழிஞ்சிருந்தா ஒன் தோல உரிச்சித்தான் ஒட்டுப் போட்டிருப்பேன்."

பைக்குள் இருந்தது ஒரு நடமாடும் கோள்மண்டலம். காற்றை உள்ளே விட்டால் ஒரு வகுப்பறை அளவுக்கு எழும்பி நிற்கும் கறுப்புத் துணிக் கூடாரம். ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்புவரை படிக்கும் பிள்ளைகளை அதற்குள் உட்காரவைத்து, இருட்டாக்கி, வளைந்த கூரையில் நட்சத்திரங்களையும் கோள்களையும் காட்டுவார்கள். அதைத் தூக்கிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போவது எழுதுபவனின் வேலை. அவனும் தோட்டத் தொழிலாளருக்கான வரிசை வீட்டில், லயத்துக் காம்பராவில் பிறந்தவன்தான். அவன் குடும்பத்தில் பேராதனைப் பல்கலைக்கழகப் படியேறிப் பட்டம் வாங்கிய முதல் ஆள்.

பூரணி லொறிக்காரனை விட்டுவிட்டுப் பையின் ஒரு முனையைத் தானே தோளில் ஏற்றினாள். குட்டையான உருவம். இடது புருவத்தை இரண்டாக வெட்டிய ஒரு பழைய தழும்பு. முன்வரிசையில் ஒரு பல் இல்லை. மண்டபத்துக்குள் பையை வைத்ததும் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"சேர், இதுக்குள்ள போட்டு மூடிட்டா புள்ளைங்க எப்புடி மூச்சு விடும்?"

வாயில் நுண்ணிய கம்பி வலை போட்ட பெரிய பங்காவை அவன் காட்டினான். அதைச் சுவருக்கு வெளியே வைத்து, துணிக்குழாயை ஜன்னல் வழியாக உள்ளே விட்டு, கூடாரத்தோடு பொருத்துவார்கள்.

"இது வெளிக்காத்த இழுத்து உள்ள தள்ளிக்கிட்டே இருக்குங்க. நிப்பாட்டினா கூடாரம் மெதுவா படுத்துரும்."

"வெளியில என்ன காத்தோ அதான் உள்ள?"

"அதேதான்."

"அப்ப எந்த நாயும் இதுகிட்ட நின்னு பீடி குடிக்கக் கூடாது. நான் பாத்துக்கிறேன்" என்றாள்.

அவள் யார், எதற்காக இப்படி மல்லுக்கு நிற்கிறாள் என்பதெல்லாம் அன்று அவனுக்குத் தெரியாது. பிறகு ஹட்டன் நீதிமன்ற வளாகத்தின் பெஞ்சில் உட்கார்ந்து அவள் சொன்னதையும், லயத்து ஆட்கள் சொன்னதையும் சேர்த்தே இங்கே எழுதியிருக்கிறது.

*

பூரணிக்குப் பல் போனது எட்டாம் வகுப்பில். யுத்த காலம். அவள் அப்போது வேறொரு தோட்டத்தில், அப்பன் வீட்டில் இருந்தாள். பாடசாலையிலிருந்து கொழும்புக் கோள்மண்டலத்துக்குச் சுற்றுலா ஏற்பாடாகியிருந்தது. விடியற்காலையில் கோவில் முன்னால் தேங்காய் உடைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, பஸ் உறுமிக்கொண்டு நின்றது. பூரணி படியில் ஒரு காலை வைத்துவிட்டாள். பின்னாலிருந்து பின்னலைப் பிடித்து இழுத்தது அவளுடைய அப்பன் சிவசாமி.

"அய்யோ, விடுங்கப்பா!"

"கொழும்புல வழி நெடுக ஆமிக்காரன் நிக்கிறான். ஒன்னையப் புடிச்சி உள்ள போட்டா எவன் வந்து மீக்கிறது? ஒங்க சேரா?"

பயத்தில்தான் சொன்னார். ஆனால் அந்த ஆளுக்குப் பயத்தையும் அடியாகத்தான் கொடுக்கத் தெரியும். அவள் அவர் கையைக் கடித்தாள். அவர் புறங்கையால் வாயில் விட்டார். பல் சேற்றில் விழுந்தது. பஸ்ஸுக்குள் இருந்த பிள்ளைகள் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தார்கள். சாரதி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு பஸ்ஸை எடுத்தான்.

மறுநாள் போய்வந்த ஒருத்தி கதை சொன்னாள். "கதிரையச் சாய்ச்சி, மல்லாக்கப் படுக்கச் சொன்னாங்கடி. லைட்ட அமத்துனதும் வானம் பூரா நெஞ்சு மேல எறங்கி வந்துச்சி." பூரணி அவளை மண்ணில் தள்ளி, மேலே ஏறி உட்கார்ந்து, அழும்வரை அடித்தாள். அதற்குப் பிறகு அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. வயது வந்ததும், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்று பேர் கொடுத்தாள், கூடையை மாட்டினாள், மலைக்குப் போனாள்.

செல்லசாமிக்குக் கட்டிக்கொடுத்து இந்தத் தோட்டத்துக்கு வந்தபோது அவளுக்கு இருபது. செல்லசாமி கெட்ட வேலைக்காரன் இல்லை. கவ்வாத்து வெட்டினால் தேயிலைச் செடி மேசை மாதிரி சமமாக நிற்கும் என்று மலையில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவே சொல்வார். கசிப்புச் சாராயம் உள்ளே போகாதவரை அவன் பேச்சும் கேட்க நன்றாகத்தான் இருக்கும். முதல் தடவை அவன் அடித்தது ரொட்டி கருகிப்போனதற்கு. பூரணி அழவில்லை. சூடாக இருந்த ரொட்டிக் கல்லை எடுத்து அவன் முழங்கையில் வைத்தாள்.

அன்றிலிருந்து அந்தக் காம்பராவில் சண்டைக்கு ஓய்வில்லை. அவன் தேங்காய் திருவலையால் அவள் புருவத்தைப் பிளந்தான். அவள் கவ்வாத்துக் கத்தியைத் திருப்பிப் பிடித்து அவன் மணிக்கட்டை உடைத்தாள். கொழுக்கட்டை பிடிக்க வைத்திருந்த மாவோடு சட்டி கூரையில் ஒட்டிய நாளும் உண்டு. பக்கத்துக் காம்பரா நாகலெட்சுமி வாசல் தாழ்வாரமான இஸ்தோப்பில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு, "தொரைக்குப் பங்களாவுல டீவி, நமக்குச் செல்லசாமி வீடு" என்பாள்.

விலக்கிவிட யாரும் வரமாட்டார்கள். புருஷன் பெண்டாட்டி அடித்துக்கொண்டால் மூன்றாவது கை உள்ளே போகக்கூடாது என்பது லயத்தில் எல்லோரும் பிடித்துவைத்திருக்கும் ஒழுங்கு. நாகலெட்சுமியின் புருஷன் ஒருதடவை அதை மீறினார். செல்லசாமியின் கையைப் பிடித்தார். "என் புருஷன் மேல கை வைக்க நீ யாருடா?" என்று பூரணி விறகுக் கட்டையைத் தூக்கினாள். செல்லசாமியும் சேர்ந்துகொண்டான். இரண்டு பேரும் அந்த மனிதரைத் தண்ணீர்ப் பீலிவரைக்கும் துரத்தி அடித்துவிட்டு, மூச்சு வாங்க ஒன்றாகத் திரும்பிவந்தார்கள். அதோடு தோட்டமே கையைக் கழுவிவிட்டது.

இந்த வீட்டில்தான் சுலக்ஷனா வளர்ந்தாள். சண்டை ஆரம்பித்தால் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போய், தண்ணீர் கொட்டும் சத்தத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பாள். எட்டாம் வகுப்பில் விஞ்ஞானத்தில் அவள்தான் முதல். அந்த வருஷம் கொழும்புக் கோள்மண்டலத்துக்குப் போகப்போகிறோம் என்று வந்து சொன்னபோது பூரணி கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். இந்த ஒரு பஸ்ஸில் மகள் ஏறிவிட வேண்டும். அதற்கு மேல் அவள் கடவுளிடம் எதையும் கேட்கவில்லை. ஒரு பிள்ளை கொழும்புக்குப் போய்விட்டு வந்ததால் என்ன ஆகிவிடும் என்று யாராவது கேட்டிருந்தால் அவளுக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்காது.

செல்லசாமி குடித்துவிட்டு வந்தான். "நட்சத்திரம் பாக்கக் கொழும்புக்குப் போவணுமா? இஸ்தோப்புல நின்னு அண்ணாந்து பாரு. அதுவும் இல்லாட்டி ஒங்கம்மா என்னைய ஒண்ணு அடிச்சா நானே பாக்குறேன் எல்லா நட்சத்திரத்தையும்."

"அவ போவா."

"போவ மாட்டா."

"போவா."

அவன் மகளுடைய வெள்ளைச் சப்பாத்தைத் தூக்கி அடுப்புக்குள் போட்டான். ரப்பர் எரியும் நாற்றம் எழுந்தது. பூரணி கொள்ளிக்கட்டையை உருவி அவன் தோளில் அடித்தாள். நெருப்புப் பொறி சேலையில் பட்டது. அவன் அவள் தலையைப் பிடித்துச் சுவரில் மோதினான். அன்று சுலக்ஷனா பீலிக்குப் போகவில்லை. கதவோரம் நின்று, அழாமல், சத்தம் போடாமல் சொன்னாள்.

"நீங்க ரெண்டு பேரும் அடிச்சிக்கிட்டு செத்துப் போங்க. நான் பாட்டுக்கு இருந்துக்குவேன்."

இருவரும் நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். அப்படிப்பட்ட பேச்சை அந்தப் பிள்ளை வாயில் அவர்கள் கேட்டதில்லை.

*

கடைசியில் பஸ் போகவேயில்லை. கினிகத்தேனைக்குக் கீழே மண் சரிந்து பாதை மூடிவிட்டது. திறந்த பிறகும் பிள்ளைகளை அந்த வழியில் அனுப்பப் பெற்றோருக்கு மனமில்லை. அதிபர் கனகலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர், இந்த மலையில் பதினைந்து வருஷத்துக்கு மேல் இருப்பவர். அவர் நாலு இடத்துக்கு ஃபோன் போட்டு நடமாடும் கோள்மண்டலத்தை வரவழைத்தார்.

பாடசாலைக்கே வருகிறது என்றதும் செல்லசாமி தலைகீழாக மாறிப்போனான். கூடாரத்துக்குள் முதல் ஐந்து நிமிஷம் சூரிய மண்டலத்தைப் பற்றிப் பேசச் சுலக்ஷனாவைத் தெரிந்தெடுத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது, பஸாரில் கண்டவனையெல்லாம் நிறுத்திச் சொன்னான். மகளுக்குப் புதுச் சப்பாத்து வாங்கிவந்தான். கூடவே ஒரு சரம் பட்டாசும்.

அதைப் பார்த்ததும் கனகலிங்கம் கையெடுத்துக் கும்பிட்டார். "செல்லசாமி, வெடி கிடி ஒண்டும் வேண்டாம். அது துணிக் கூடாரம். ஒரு பொறி பட்டால் முடிஞ்சுது. விளங்குதோ?"

"வெளங்குது சேர். எம் மவ பேசுறா சேர், ஒரு சத்தம் கித்தம் இல்லாம எப்புடி?"

"சத்தம் உள்ளுக்குப் பிள்ளை போடுவாள். நீங்கள் பேசாமல் இருங்கோ."

பூரணியும் சொன்னாள். "பெரிய சேர் சொன்னது காதுல ஏறிச்சா? வெடிய மட்டும் கொளுத்துனீங்க, அந்தச் சரத்த ஒங்க வாயிலயே வச்சிக் கொளுத்துவேன்."

"சரிடீ, சரிடீ" என்று அவன் சரத்தை இடுப்புச் சாரத்துக்குள் சொருகிக்கொண்டான்.

அன்று பூரணி மலையில் அரைநாள் கொழுந்து எடுத்துவிட்டு நேராக வந்திருந்தாள். இடுப்பில் படங்கு கட்டியபடியே இருந்தது. செடிக் குச்சிகள் குத்தாமலிருக்கக் கொழுந்து பறிக்கிற பெண்கள் சுற்றிக்கொள்ளும் தடித்த விரிப்பு அது. மண்டபத்துக்கு வெளியே, பங்காவுக்குப் பக்கத்தில் காவல் நாய்போல் உட்கார்ந்தாள். முதல் இரண்டு கூட்டம் பிள்ளைகள் உள்ளே போய், வாயைப் பிளந்துகொண்டு வெளியே வந்தார்கள். மூன்றாவதாகச் சுலக்ஷனாவின் வகுப்பு. உள்ளே நுழையும் முன் பிள்ளை திரும்பி அம்மாவைப் பார்த்தது. பூரணி போ போ என்று கையை ஆட்டினாள். கூடாரத்தின் வாயை இழுத்துப் பூட்டினார்கள்.

துணிக்கு உள்ளிருந்து மகளின் குரல் மெல்லியதாகக் கேட்டது. "சூரியன் ஒரு நட்சத்திரம்..."

அப்போது மண்டபத்துக்குப் பின்னால் பட்டாசு வெடித்தது.

செல்லசாமி அதைக் கூடாரத்தின் பக்கம் கொளுத்தவில்லை. பொறி படக்கூடாது என்று யோசித்து, தூரமாக, பெரிய யூக்கலிப்டஸ் மரத்தடியில் வைத்துத்தான் கொளுத்தினான். அந்த மரத்தின் உச்சியில் கூடை அளவுக்குக் குளவிக்கூடு தொங்கியதைத் தோட்டத்தில் எல்லோரும் அறிவார்கள். அவனும் அறிவான். மகள் பேச ஆரம்பித்த சந்தோஷத்தில் அண்ணாந்து பார்க்க மறந்துவிட்டான்.

முதலில் ஒரு இரைச்சல். பிறகு மரத்தின் மேல் பகுதி கறுத்தது. அந்தக் கறுப்பு கிளம்பிக் கீழே வந்தது. முற்றத்தில் நின்ற பெண்கள் தலையைப் பிடித்துக்கொண்டு அலறினார்கள். ஒரு கிழவர் ஓடிப்போய் வடிகால் கானுக்குள் விழுந்தார். நாய் ஒன்று வட்டம் சுற்றித் தன் வாலையே கடித்தது. ஆட்கள் வகுப்பறைகளுக்குள் பாய்ந்து கதவையும் ஜன்னலையும் அடைத்தார்கள். மண்டபத்து ஜன்னல்களோ வெறும் திறப்பு, அடைக்கக் கதவில்லை. குளவி தாராளமாக உள்ளே போகலாம். நடுவே கூடாரம் மட்டும் வாய் பூட்டியபடி, பிள்ளைகளை வயிற்றில் வைத்துக்கொண்டு நின்றது.

"சேர், குளவி! தொறக்காதீங்க! என்ன ஆனாலும் தொறக்காதீங்க!" என்று பூரணி மண்டபத்தைப் பார்த்துக் கத்தினாள். உள்ளே எழுதுபவனுக்கு அது கேட்டது. பிள்ளைகளை நடுவே நெருக்கி உட்காரவைத்தான். பூரணி படங்கை அவிழ்த்துத் தலையோடு போர்த்திக்கொண்டு சுவரோடு குந்தினாள். கழுத்திலும் காதிலும் ஊசி ஊசியாக இறங்கியது. பரவாயில்லை, துணி கிழியாதவரை பிள்ளைகள் பத்திரம்.

அப்போதுதான் செல்லசாமி வந்தான். பாடசாலைச் சமையலறை அடுப்பிலிருந்து நெருப்பை ஒரு தகரத்தில் அள்ளிக்கொண்டு, கக்கத்தில் காய்ந்த தேயிலைக் குச்சியான மிலாறுக் கட்டும் ஈர மானாப்புல்லுமாக ஓடிவந்தான். குளவி கலைந்தால் மலையில் எல்லோரும் செய்வது அதுதான். புகை போடுவார்கள். குழந்தையும் செய்யும். முகம் ஏற்கெனவே வீங்கி ஒரு கண் மூடிவிட்டது. கூடாரத்துக்குக் கிட்டத்தில் எங்கே போடலாம் என்று பார்த்தான். சுவரோரம், ஜன்னலுக்குக் கீழே, பங்காவுக்கு முன்னால் கொட்டினான். புல்லை மேலே போட்டு ஊதினான். மஞ்சளும் சாம்பலுமாகப் புகை தடித்து எழுந்தது.

எழுந்த புகை மேலே போகவில்லை. அப்படியே வளைந்து பங்காவுக்குள் நுழைந்தது.

பூரணி பார்த்தாள். ஒரு கணம் அவளுக்கு விளங்கவில்லை. அடுத்த கணம் கூடாரத்துக்குள் ஒரு பிள்ளை இருமியது. பிறகு இன்னொன்று. பிறகு எல்லாமே.

"எடு! அத எடு! பொகை உள்ள போவுது!"

"புள்ள உள்ள இருக்குடீ! குளவிய ஓட்டணும்!"

"பங்கா இழுக்குதுய்யா! உள்ள இழுக்குது!"

அவள் பாய்ந்து நெருப்பை உதைத்தாள். அவன் அவளைத் தள்ளிவிட்டு மிலாறைத் திரும்பக் குவித்தான். அவள் பங்காவின் சுவிட்சுக்குக் கை நீட்டினாள். அவன் சேலையைப் பிடித்து இழுத்து வாயில் குத்தினான். இத்தனை வருஷத்தில் அவள் கத்திய எதையும் அவன் காதில் வாங்கியதில்லை. அன்றும் அவள் கத்துகிறாள் என்பது மட்டும்தான் அவனுக்குத் தெரிந்தது.

அடைத்த ஜன்னல்களின் கண்ணாடிக்குப் பின்னால் முகங்கள் நெருக்கியடித்தன.

"அட பாவிகளா, இன்னிக்குமா இதுங்களுக்குச் சண்ட?" என்றாள் நாகலெட்சுமி.

"ஆராவது போய்ப் பிடியுங்கோவன்!" கனகலிங்கம் கதவுத் தாழ்ப்பாளில் கை வைத்தார்.

இரண்டு பேர் அவர் தோளைப் பிடித்து இழுத்தார்கள். "வேணாம் சேர். புருஷன் பொண்டாட்டி. நடுவுல போனா ரெண்டும் சேந்து ஒங்களத்தான் அடிக்கும். வெளியில குளவி வேற."

கூடாரத்துக்குள் இருட்டு, அதற்குள் புகை. பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கூடாரத்தின் வாயைத் தேடினார்கள். துணி உள்ளிருந்து புடைத்துப் புடைத்து அடங்கியது. யாரோ பூட்டை இழுக்கும் சத்தம் வெளியே கேட்டது. திறந்தால் குளவி. திறக்காவிட்டால் புகை. "அம்மா" என்று பல குரல் கேட்டது. அதில் ஒன்று எந்தக் குரல் என்பது பூரணிக்குத் தெரிந்தது.

கானோரத்தில் ஒரு மம்பட்டிப் பிடி கிடந்தது. அதை எடுத்தாள். செல்லசாமி முதுகைக் காட்டிக் குனிந்து, நெருப்பை ஊதிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து திரும்பினான். காதுக்கு மேலே அடித்தாள். ஒரே அடி. அவன் வாயைத் திறந்தபடியே பக்கவாட்டில் சரிந்து புல்லில் குப்புற விழுந்தான்.

பூரணி அவனைத் தாண்டிக் குதித்துச் சுவிட்சை அமத்தினாள். பங்கா முனகி நின்றது. "படுங்க! எல்லாரும் குப்புறப் படுங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். உள்ளே எழுதுபவனும் அதையே கத்தினான். கூடாரம் உயிர் போன மாடுபோல மெல்ல மெல்லக் குறுகி, பிள்ளைகளின் மேல் படிந்தது. கனத்த துணிக்கடியில், தரையோடு ஒட்டிய கொஞ்சக் காற்றில் அவர்கள் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடந்தார்கள். குளவிகள் துணிக்கு மேலே ஊர்ந்தன.

நெருப்பு இன்னும் புகைந்துகொண்டிருந்தது. துணிக்குழாய்க்கும் அதற்கும் ஒரு முழம்தான். பூரணி வெறுங்கையால் மிலாறை அள்ளி அள்ளிக் கானுக்குள் எறிந்தாள். உள்ளங்கைத் தோல் கட்டையோடு போனது. கடைசிக் கொள்ளியையும் எறிந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தாள்.

செல்லசாமியின் முதுகில் சட்டை தெரியவில்லை. கழுத்து தெரியவில்லை. அவன் இருந்த இடமே அசைந்துகொண்டிருந்தது.

சுவரோரம் கிடந்த படங்கை உருவி அவன் மேல் விரித்தாள். பிறகு அதன் மேல் தானும் விழுந்து, நான்கு ஓரத்தையும் கைகால்களால் அமுக்கிப் பிடித்தாள். அவள் முதுகு வெட்டவெளியில் இருந்தது. உரச்சாக்குகளைப் போர்த்திக்கொண்டு தோட்டத்து லொறி ஆட்கள் வந்து அவளைப் பிய்த்து எடுக்கும்வரை அவள் அப்படியேதான் கிடந்தாள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அவளைப் பிடிக்காதவர்கள்கூட அதை மறுப்பதில்லை.

பிள்ளைகள் எல்லோரும் உயிரோடு வெளியே வந்தார்கள். சுலக்ஷனா கறுப்பாக வாந்தி எடுத்தாள். செல்லசாமி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், லொறியிலேயே செத்துப்போனான்.

*

வார்டில் முகம் பூசணிக்காயாக வீங்கிக் கிடந்தவளிடம் பொலிஸ்காரர் வந்தார். செல்லசாமியின் தலையில் காயம் இருக்கிறது, யார் அடித்தது என்று சிங்களத்தில் கேட்டார். விழுந்ததில் பட்டது என்று சொல்லிவிடும்படி கனகலிங்கம் முன்பே காதில் சொல்லியிருந்தார். பூரணி வீங்கிய உதட்டை நக்கிக்கொண்டு, "மம தமய் கெஹுவே" என்றாள். நான்தான் அடித்தேன். 

அந்தக் காயத்தால் சாகவில்லை, விஷத்தால் செத்தான் என்று டாக்டர் எழுதினார். ஆனால் அடிபட்டு விழாமல் இருந்தால் ஓடித் தப்பியிருப்பானா என்று கேட்டதற்கு, சொல்ல முடியாது என்றார். லயத்துக்கு அது போதும்.

"புள்ளைங்களக் காப்பாத்துனா சரி. அதுக்குப் புருஷனக் கொல்லணுமா?"

"இத்தினி வருஷம் வாங்குனத ஒரே அடியில குடுத்துட்டா."

"எம் மவனும் உள்ளதான்டி இருந்தான். அவ அடிக்காட்டி நான் இன்னிக்கி அவனுக்குப் பால் ஊத்தியிருப்பேன்."

"அதுக்குன்னு?"

இதையெல்லாம் எழுதுபவன் அவளிடம் மெல்லச் சொல்லிப் பார்த்தான். அவள் நீதிமன்ற பெஞ்சில், கட்டுப் போட்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டு, பஸ் நிலையத்தின் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எதுக்கு அடிச்சேன்னு கேக்குறாங்க. பங்காகிட்ட போவ வழி வேணும், அடிச்சேன். அவ்வளவுதான் சேர். ஆனா மெதுவாவும் அடிச்சிருக்கலாம். அடிச்சிப் பழகுன கை. அதுக்கு மெதுவா அடிக்கத் தெரியல."

பிணையில் வெளியே வந்தவள் நேராகப் பதினாறாம் நாள் காரியத்துக்கு லயத்துக்குப் போனாள். போகாதே என்று எல்லோரும் சொன்னார்கள். "எம் புருஷனுக்கு நான் போவாம எவ போறது?" என்றாள். செல்லசாமியின் தம்பி பிரதாப் இஸ்தோப்பில் நின்றான். காலையிலேயே குடித்திருந்தான்.

"எங்கண்ணனத் தின்னுட்டு சோறு திங்க வந்தியா?"

முடியைப் பிடித்து முற்றத்துக்கு இழுத்தான். கன்னத்தில் மாறி மாறி அறைந்தான். கீழே விழுந்தவளை விலாவில் மிதித்தான். உள்ளே போய் அவளுடைய சட்டி பானைகளையெல்லாம் எடுத்துவந்து அவளைச் சுற்றிப் போட்டு உடைத்தான். பூரணி கையைத் தூக்கவில்லை. தலையைக் குனிந்து உட்கார்ந்து வாங்கிக்கொண்டாள். அப்படி ஒரு பூரணியை லயம் பார்த்ததில்லை. இது புருஷன் பெண்டாட்டிச் சண்டையும் இல்லை, இருந்தும் யாரும் நடுவில் வரவில்லை. வாசலுக்கு வாசல் நின்று பார்த்தார்கள். அவர்களில் பாதிப்பேரின் பிள்ளைகள் அன்று அந்தக் கூடாரத்துக்குள் இருந்தவர்கள்.

"ஏ பிரதாப்பு, போதும்டா" என்று நாகலெட்சுமி தன் வாசலில் நின்றபடியே சொன்னாள்.

வந்தது சுலக்ஷனா. அடுப்படியிலிருந்து விறகுக் கட்டையை இழுத்துக்கொண்டு, வேகமாகக்கூட இல்லாமல் நடந்துவந்து, சித்தப்பனின் முழங்காலில் அடித்தாள். அவன் கத்திக்கொண்டு உட்கார்ந்தான். பிள்ளை கட்டையை மறுபடி தூக்கியது. இந்தத் தடவை தலைக்கு நேராக. பல்லைக் கடித்து, கழுத்து நரம்பு புடைத்து, இரண்டு காலையும் அகட்டி ஊன்றி நின்ற விதம் அப்படியே பூரணி.

அதைப் பார்த்த பிறகுதான் பூரணி எழுந்தாள். கட்டுப் போட்ட கையால் மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"போடு கீழ."

"விடுங்கம்மா!"

"போடுடி கீழ!"

பிள்ளை போடவில்லை. பூரணி மற்றக் கையால் அவள் கன்னத்தில் ஓர் அறை விட்டாள். உள்ளங்கைப் புண் திறந்து, மகளின் முகத்தில் இரத்தம் ஒட்டியது. பிறந்ததிலிருந்து அந்தப் பிள்ளையை அவள் அடித்தது அந்த ஒருதரம்தான். கட்டை கீழே விழுந்தது. சுலக்ஷனா தன் கைகளைத் தானே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஓவென்று அழுதாள். அப்பன் செத்ததற்கும் சேர்த்து அன்றைக்குத்தான் அழுதாள்.

அன்று மாலையே இருவரும் தோட்டத்தை விட்டுப் போனார்கள். பாடசாலைப் புத்தகங்களும் ஒரு பை உடுப்பும்தான் எடுத்துக்கொண்டார்கள். பஸ் ஏறும் இடம்வரை கனகலிங்கம் பின்னாலேயே குடையோடு வந்தார். மகளின் விடுகைப் பத்திரத்தை அவர் கொடுத்தபோது பூரணி அவர் காலைத் தொடப் போனாள். "உதெல்லாம் வேண்டாம், போயிட்டு வாங்கோ" என்று அவர் தடுத்துவிட்டார்.

பூரணி இப்போது கந்தப்பளையில், ஒரு மரக்கறித் தோட்டத்தில் கூலி வேலை செய்கிறாள். லீக்ஸும் கரட்டும் பிடுங்குகிறாள். வலது கை விரல்கள் இரண்டு முழுதாக மடங்குவதில்லை. வழக்கு இன்னும் முடியவில்லை. தவணைக்குத் தவணை ஹட்டனுக்கு வந்துபோகிறாள். சுலக்ஷனா அவளோடுதான் இருக்கிறாள். அங்குள்ள பாடசாலையில் பத்தாம் வகுப்புப் படிக்கிறாள்.